மெழுகு பூசிய மரச்சாமான்களில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்

“மெழுகு பூசிய தேக்கு மேசையில் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினால் மரத்துக்கு ஊட்டம் கிடைக்கும், பளபளப்பு போகாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அறுத்து உலர்த்திய மரத்துக்கு ஊட்டம் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. மெழுகை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். அதில் தூசி ஒட்டி, நாளடைவில் அழுக்குப் படலமாகும். முதல் நாள் தெரிவது ஈர எண்ணெயின் மினுமினுப்பு மட்டுமே. மேசையின் அடிப்பக்கத்தில் சிறிது தடவி, ஒரு வாரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வாராவாரம் உலர்ந்த பருத்தித் துணி போதும். பளபளப்பு மங்கும்போது, பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு முறை, மரச்சாமான் மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, 15-20 நிமிடம் விட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்த்தெடுங்கள். தடிமனாகப் பூசினால் மெழுகு இறுகாமல் கைரேகை படியும். பலரும் செய்யும் பிழை இது. இத்தகைய மெழுகில் பெரும்பாலும் இருக்கும் தேன்மெழுகு 62-64 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் சூடான டம்ளரை நேரே வைக்காதீர்கள்.

ஏற்கெனவே எண்ணெய் தடவியிருந்தால், ஜன்னலைத் திறந்துவைத்து, அருகில் அடுப்போ விளக்கோ இல்லாமல், டர்பன்டைன் (பெயின்ட் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம்) நனைத்த துணியால் துடையுங்கள். நன்கு உலர்ந்தபின் மீண்டும் மெழுகிடலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.