பல்லுக் கொழுக்கட்டை வரைக்கும் காத்திருக்க ஏலாது

எங்கட வீட்டில பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறது எண்டா தீத்துறதுதான். ஒராள் இடுப்பில தூக்கி வச்சுக்கொண்டு கேற்றடியில நிக்க, இன்னொராள் கிண்ணத்தோட பின்னால திரிஞ்சு, காகத்தைப் பார் மானைப் பார் எண்டு காட்டி, வாய் திறக்கிற நேரம் பார்த்து ஒரு வாய். திருகோணமலையில மானுக்கென்ன பஞ்சம், கோட்டைப் பக்கம் போனா றோட்டிலயே நிக்கும். என்னையும் அப்பிடித்தான் வளர்த்தவை, அதைக் குறை சொல்ல வரேல்ல. ஆனா இப்ப மான் நிண்ட இடத்தில ஃபோன் வந்திட்டுது. பிள்ளை கார்ட்டூனைப் பார்க்குது, வாய் தன்பாட்டில திறக்குது, உள்ள போனது சோறா பூசணிக்காயா எண்டே அதுக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கேல்ல.

மகளுக்கு 6 மாசம் முடியக் கோயில்ல சோறு தீத்தி, பிறகு வீட்டில குழைச்ச சோறும் பருப்பும். 7 மாசத்தில தலை ஆடாம நல்லா இருக்கத் தொடங்கினா, எங்கட கோப்பையைக் கண்டா பாயுறா. சரி எண்டு ஒரு பூசணிக்காய்த் துண்டை அவிச்சுக் கையில குடுத்தன். மாமி கண்டிட்டா. "இன்னும் பல்லுக் கொழுக்கட்டையே அவிக்கேல்ல பிள்ளை, எதால மெல்லுவா?" முதல் பல்லு முளைச்சாப் பிள்ளையின்ர தலையில கொழுக்கட்டை கொட்டுற சடங்கைத்தான் சொல்லுறா.

முரசால, அதுதான் ஈறால மெல்லுவா. நம்பாட்டி உங்கட விரலை ஒருக்கா அந்த வாய்க்குள்ள வச்சுப் பாருங்கோ.

விஷயம் பல்லில இல்ல, பதத்தில. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வச்சு அமத்தினா நசியோணும், நசியாட்டி திரும்ப அவியுங்கோ. இந்த வயசில பிடிக்கிறது முழுக்கையால, அதால துண்டு எங்கட விரல் நீளத்துக்கு இருந்தாத்தான் பொத்தின கைக்கு வெளிய கடிக்க மிச்சம் இருக்கும். சின்னத் துண்டெல்லாம் 8, 9 மாசத்துக்குப் பிறகு, விரல் நுனியால பொறுக்கத் தொடங்கேக்க. வத்தாளங்கிழங்கு, கரட், பழுத்த பப்பாசி, கதலி எல்லாம் இவ்வளவுதான் கணக்கு. உப்பு சீனி ஒண்டும் போடுறதில்ல, தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்கில தொட்டு வைக்கவும் விடேல்ல, அதுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது, விடுவம்.

மரக்கறியும் பழமும் மட்டும் எண்டு நிண்டிடாதேங்கோ. பிறக்கேக்க கொண்டு வந்த இரும்புச்சத்து 6 மாசத்தோட இறங்கத் தொடங்கும். கடலைப் பக்கத்தில வச்சுக்கொண்டு மீன் குடுக்கப் பயப்பிடலாமா? நான் பாரை மீனை அவிச்சு, விரலால ரெண்டு தரம் உதிர்த்து முள்ளுப் பாத்துத்தான் குடுக்கிறன், முள்ளுக் கூடின சூடை மீன் பக்கம் போறதில்ல. முட்டை, கோழி ஈரல் எல்லாம் நல்லாச் சாப்பிடுறா.

மூண்டாம் நாள் ஓங்காளிச்சா. முகம் சிவந்து, கண்ணில தண்ணி, இருமல். மாமி ஓடி வந்து வாய்க்குள்ள விரலை விடப் போக, நான் கையைப் பிடிச்சிட்டன், மாமிக்குக் கோவம், எனக்கு நெஞ்சு அடிக்குது, அவ அந்தத் துண்டைத் துப்பிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டுறா. சின்னப் பிள்ளையளுக்கு ஓங்காளம் வாற இடம் நாக்கில முன்னுக்கே இருக்கு, அது ஒரு காவல். சத்தம் வருதெண்டா காத்துப் போகுது. பயப்பிட வேண்டியது சத்தமே இல்லாம, அழவும் ஏலாம, உதடு நீலமாகேக்க. அப்ப உச்சியில தட்டி வேலையில்ல. தலை கீழ்ப்பக்கமா முன்னங்கையில குப்புறப் போட்டுத் தோள்பட்டைக்கு நடுவில 5 அடி, வராட்டி நிமித்தி நெஞ்சு நடுவில ரெண்டு விரலால 5 அமத்து, மாறி மாறி, ஒராள் 1990 அம்புலன்சுக்கு ஃபோன் அடிக்கோணும். வயித்தை அமத்தக் கூடாது. விரலை விட்டுத் துழாவினா துண்டு இன்னும் உள்ள போயிடும். இதைப் படிக்காம துண்டு குடுக்கத் தொடங்காதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். சாப்பிடேக்க தனிய விட்டிட்டுக் குசினிக்குள்ள போறதும் கூடாது.

9 மாசத்தில பல்லு வந்தது, கொழுக்கட்டையும் அவிச்சம். பிள்ளை எதை எடுக்குது எண்டு பார்க்கப் பேனை, கொப்பி, கண்ணாடி, காப்பு எல்லாம் பரப்பி வைக்க, என்ர மகள் எடுத்தது தலையில இருந்து உருண்டு விழுந்த கொழுக்கட்டையை. அவிச்ச கரட்டுக்குப் பயந்த அதே சனம் இப்ப "குடுங்கோ, குடுங்கோ" எண்டுது, அதில பல்லு மாதிரிக் குத்தின தேங்காய்ச் சொட்டு இருக்கு! அதைத்தான் குடுக்கக் கூடாது. தேங்காய்ச் சொட்டு, முழுக் கச்சான், முழு முந்திரிகைப் பழம் (திராட்சை), பச்சைக் கரட் எல்லாம் ஒரே வகை, கடிபடாது, வழுக்கி நேரா தொண்டைக்குப் போகும். நான் பறிக்க அவ கத்த, படம் எடுக்கிறவர் அதையும் எடுத்திட்டார்.

தீத்துறதை நான் முழுக்க விடேல்ல. தானாத் தின்னுறதில பாதி நிலத்தில, அதால சோறு இப்பவும் தீத்துறதுதான், மாமிதான் தீத்துறா, ஆனா ஃபோன் இல்லாம. நேற்று நான் வேலையால வர, மாமி கிழங்குத் துண்டை விரலுக்கு நடுவில அமத்திப் பாத்திட்டு "இது இன்னும் அவியோணும்" எண்டு திரும்பச் சட்டிக்குள்ள போடுறா. நான் ஒண்டும் கதைக்கேல்ல.

வெள்ளைச் சுவரில அப்பின பூசணிக்காய்க் கறைக்கு என்ன செய்யிறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ, வாடகை வீடு.