விடுதலை என்றால் உடனே அப்பீலா?

கஞ்சா வழக்கில் யாராவது விடுதலையானால் போதும், செய்திக்குக் கீழே ஒரே கூச்சல். நீதிபதியைத் திட்டுகிறார்கள், சட்டத்தைத் திட்டுகிறார்கள், கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் "உடனே அப்பீல் போங்க". கோபம் புரிகிறது. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த வீட்டில் போய் சட்டப்பிரிவு பேச எனக்கும் வாய் வராது. ஆனால் குற்றவியல் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிறவனாக ஒன்று சொல்லியாக வேண்டும். நான் படித்த விடுதலைத் தீர்ப்புகளில் பல, ஆளைப் பிடித்த அன்று ராத்திரியே தோற்றுப்போன வழக்குகள். அன்று எழுத வேண்டிய தாளை எழுதாமல் விட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்து உயர் நீதிமன்றத்தில் போய் அதை எழுத முடியாது.

1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ்., எவ்வளவு கடுமையானது என்று பலருக்குத் தெரிவதில்லை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. குறைந்தபட்சமே 10 வருஷம், 20 வரை போகலாம். அபராதம் ஒரு லட்சத்தில் ஆரம்பம். ஹெராயின் என்றால் 250 கிராமைத் தாண்டினாலே இதே கதி. பிரிவு 37 இருப்பதால் ஜாமீன் குதிரைக்கொம்பு. பொருள் உன் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அப்புறம் 'நான் குற்றவாளி இல்லை' என்று நிரூபிப்பது உன் வேலை. மற்ற குற்ற வழக்குகளில் இருக்கிற வழக்கத்துக்கு இது கிட்டத்தட்ட தலைகீழ்.

இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்ததால்தான் சட்டம் போலீஸுக்குச் சில கடிவாளங்களையும் போட்டது. வீடு, குடோன் மாதிரி இடத்தைச் சோதனை போடுவதென்றால், கிடைத்த தகவலை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பிடித்த சரக்கிலிருந்து மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் பிரிவு 50. ஒருவர் உடம்பைச் சோதனை போடும் முன், 'கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை நடக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் சோதனை போட்டு, அதில் கிடைத்ததை மட்டும் வைத்துத் தண்டித்தால் அந்தத் தண்டனை நிற்காது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1999ல் பல்தேவ் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2010ல் இன்னொரு அரசியல் சாசன அமர்வு அதை இன்னும் இறுக்கியது.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது? வழக்குக் கட்டில் ஒரு சம்மதக் கடிதம் இருக்கும். "எனக்குள்ள உரிமை எடுத்துச் சொல்லப்பட்டது. தங்கள் மீது நம்பிக்கை உள்ளதால் தாங்களே சோதனை செய்துகொள்ளலாம்." பெயர் எழுத மட்டும் இடம் விட்டு, மற்றதெல்லாம் முன்கூட்டியே டைப் அடித்தது. கீழே எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கைநாட்டு. அடுத்த கட்டைப் பிரித்தால் அதே வாசகம், அதே எழுத்துப்பிழை. ராத்திரி பத்து மணிக்கு, சுற்றி நாலு போலீஸ்காரர்கள் நிற்கும்போது, "தங்கள் மீது நம்பிக்கை உள்ளதால்" என்று எந்த மனிதன் சொல்வான்? குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டால் சாட்சிக் கூண்டில் இருப்பவர் கூரையைப் பார்ப்பார்.

அப்புறம் எலி. 2023ல் சென்னை சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பறிமுதல் செய்ததாகச் சொன்னது 22 கிலோ. அதை எங்கே என்று கேட்டால், கிட்டத்தட்ட அத்தனையையும் எலி தின்றுவிட்டது என்று பதில். இரண்டு பேர் விடுதலை. எல்லாரும் எலியை வைத்து மீம் போட்டுச் சிரித்தோம், சரி. சரக்கே இல்லாத வழக்கில் நீதிபதி வேறு என்ன தீர்ப்பு எழுதுவார் என்று கேட்டவர்கள் குறைவு.

இனி அப்பீலுக்கு வருவோம். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 378 இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 419. மனுப் போட்டதும் விசாரணை ஆரம்பமாகிவிடாது, முதலில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மேடு ஏற வேண்டியது அரசுதான். 2007ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சாட்சியங்களை முழுசாக மறுபடி அலசிப் பார்க்க மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற அனுமானத்தை விசாரணை நீதிமன்றத்தின் விடுதலை இரட்டிப்பாக்கிவிடுகிறது. நியாயமான இரண்டு பார்வைகளுக்கு இடமிருந்து, கீழ் நீதிமன்றம் அதில் ஒன்றை எடுத்திருந்தால் அதைக் கலைக்கக் கூடாது.

அதற்காக அப்பீலே போகக் கூடாது என்று சொல்லவில்லை. போயே ஆக வேண்டிய தீர்ப்புகளும் வருகின்றன. கையில் இருந்த பையில் சரக்கு கிடைத்திருக்கும்; அதற்குப் பிரிவு 50 பொருந்தாது என்று 2005லேயே சொல்லியாகிவிட்டது, ஆனாலும் அந்தப் பிரிவைக் காட்டி ஆளை விட்டிருப்பார்கள். புகார் கொடுத்த அதிகாரியே புலன் விசாரணையும் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக விடுவித்திருப்பார்கள். அந்த வாதத்தை 2020ல் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து மூடிவிட்டார்கள். மகஜர் சாட்சிகள், அதாவது பறிமுதலை நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள், பிறழ் சாட்சிகளாக மாறினாலும், அதிகாரியின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம். இதில் கீழ் நீதிமன்றம் சறுக்கியிருந்தால் தாராளமாக மேலே போகட்டும், ஜெயிக்கட்டும்.

எனக்குப் பிரச்சினை, 'பெரிய கேஸ், பேப்பரில் வந்த கேஸ்' என்பதற்காகவே போடுகிற அப்பீல். கிலோ கணக்கைப் பார்த்து எடுக்கிற முடிவு அது. எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கோ அது வருஷக் கணக்கு. ஜாமீன் கிடைக்காமல் விசாரணைக் கைதியாகவே சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வருகிறான். வேலை தேடுகிறான், கல்யாணம்கூட ஆகியிருக்கும். ஒருநாள் உயர் நீதிமன்ற நோட்டீஸ் வருகிறது. அது எப்போது விசாரணைக்கு வரும் என்று கேட்கிறவனுக்கு என்னால் தேதி சொல்ல முடிந்ததில்லை. அரசுக்கு அது பல கோப்புகளில் ஒன்று.

அரசு வழக்கறிஞர் 'அப்பீலுக்கு உகந்தது' என்று கருத்து எழுதும்போது, கூடவே இன்னொன்றும் எழுதட்டும்: இந்த வழக்கில் எந்த நடைமுறை மீறப்பட்டதாக நீதிமன்றம் சொன்னது, அதற்குப் பொறுப்பான அதிகாரி யார், அவர்மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள். காரணமே இல்லாமல் சோதனை போடுகிற அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று இதே சட்டத்தில் பிரிவு 58 இருக்கிறது. என் தொழிலில் அந்தப் பிரிவின் கீழ் ஒரு வழக்குக் கட்டைக்கூட நான் கையில் எடுத்ததில்லை.