செடியை எடுக்கும்போது மண்ணை உதறாதீர்கள்
வீடு மாறும்போது செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள மண்ணை உதறிக் கழுவிவிட்டால் பாரம் குறையும், புது இடத்தில் எதுவும் வேர் பிடித்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் தடித்த வேர் இல்லை, நுனியில் மண்ணோடு ஒட்டியிருக்கும் மெல்லிய வேர்த்தூவிகள்தான். உதறினால் அவை அறுந்துபோகும், இலைகளோ நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் மறுநாளே செடி தொங்கிப் போகிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் ரோஜாவை மண்ணில்லாமல் அனுப்புவது உண்டுதான், ஆனால் இலையோடு நிற்கும் செடிக்கு அது ஒத்துவராது.

நாள் இருந்தால் கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னாலேயே செடியைச் சுற்றி மண்வெட்டியை நேராக இறக்கி வெளிவேரை வெட்டிவிடுங்கள். நான் ஒரு செம்பருத்திக்கு இப்படிச் செய்துவிட்டுப் பிறகு தோண்டியபோது, வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் வெள்ளை நூல் மாதிரி புது வேர் கிளம்பியிருந்தது, அது ஒரு இலைகூட வாடாமல் வந்து சேர்ந்தது. தண்டு 1 அங்குலப் பருமன் என்றால் வேரோடு சேர்த்து எடுக்கும் மண் உருண்டை 10 முதல் 12 அங்குல அகலம் இருக்கட்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, சாயங்காலம் எடுத்து, ஈரச் சாக்கில் இறுக்கிக் கட்டுங்கள். நட்டதும் உரம் வேண்டாம், நிழல் போதும்.

வயதான பெரிய புதர் என்றால் விட்டுவிடுங்கள், பென்சில் பருமனில் நாலைந்து குச்சி வெட்டிப் பதியம் போடுவதே நல்லது. அப்புறம், வாடகை வீடாக இருந்தால் தரையில் நட்டதை எடுக்குமுன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.