சுவர் கொஞ்சம் தெரியட்டுமே!

ஜூனில் பள்ளி திறந்ததும் என் முதல் வேலை பாடம் நடத்துவது இல்லை, அறையை ஒழிப்பது. எனக்கு மூன்றாம் வகுப்பு. 28 பிள்ளைகள், ஒரே பீரோ. திறந்தால் செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் சரிந்து விழுகின்றன. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் அந்த முறை தமிழ்நாடு முழுக்க வந்தது 2007-இல். அப்புறம் 2022-இல், சிறு வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. புதியது வந்துகொண்டே இருக்கிறது, பழையது மட்டும் போவதில்லை. கேட்டால், இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டதாம், எறியக் கூடாதாம். கரையான் அரித்ததையுமா வைத்திருப்பது?

சுவர்கள் இன்னும் மோசம். சார்ட் மேல் சார்ட். குறுக்கே கயிறு கட்டி எழுத்து அட்டைகள், மூலையில் தெர்மாகோல் சூரியக் குடும்பம். மின்விசிறி போட்டால் எல்லாம் படபடக்கும். நான் கரும்பலகையில் கழித்தல் போடுகிறேன், பிள்ளைகள் வியாழன் கோள் ஆடுவதைப் பார்க்கிறார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு?

2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 24 சிறு பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. இங்கேயோ பார்வையிட வருகிறவர்கள், “சுவர் காலியா இருக்கே டீச்சர்?” என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் கரும்பலகைப் பக்கத்துச் சுவரை மட்டும் வெறுமையாக்கினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அங்கே புதிதாக இரண்டு சார்ட்.