இரவு 9:17-க்கு வந்த பாரம்பரியம்

வியாழக்கிழமை இரவு 9:17. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்து, அப்பாடா என்று சோபாவில் சாய்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிங். 'இரண்டாம் வகுப்பு மம்மீஸ்' வாட்ஸ்அப் குழு.

"அன்பான அம்மாக்களே, நாளை பாரம்பரிய தின விழா என்பதை நினைவூட்டுகிறோம். பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வரவும். கூடவே ஒரு பாரம்பரியத் தின்பண்டம், 32 பேருக்கு. நிலக்கடலை, முந்திரி கலக்காமல்." கடைசியில் ஒரு பூ.

நினைவூட்டுகிறார்களாம்! முதலில் சொன்னால்தானே நினைவூட்டுவதற்கு? எங்கள் தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தினம் என்ன, நேற்று ராத்திரி திடீரென்று முளைத்ததா? செப்டம்பர் 24 வருஷா வருஷம் செப்டம்பர் 24-இல்தான் வருகிறது. இந்த குவாசுலு-நடால் மாகாணத்தில், ஜூலு மன்னர் ஷாகாவின் பெயரில் ஷாகா தினமாக இருந்த காலத்திலும் அன்றைக்குத்தான் வந்தது. விழாவை ஒரு வாரம் முன்னால் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, சேதியை ஒரு நாள் முன்னால் அனுப்பத் தெரியவில்லை.

அப்புறம் அந்த 'அம்மாக்களே'. அந்தக் குழுவில் என் கணவரும் இருக்கிறார். நான்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்த்துவிட்டேன். சேர்த்த அன்றே சத்தத்தை அணைத்துவிட்டார். டிங் என்றபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, யாரோ எப்போதோ அடித்த சிக்ஸரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, என்ன செய்வது? புரட்டாசி பிறந்தாயிற்று, வீட்டில் முட்டைகூடக் கிடையாது. குல்குலா போடலாமென்றால் வாழைப்பழம் இரண்டே இரண்டு. கடலைப்பருப்பு இருந்தது. வடைதான். பருப்பு ஊற வைக்கத் தண்ணீர்? குழாய் அன்று காலையிலிருந்து காற்று விட்டுக்கொண்டிருந்தது. டர்பன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். குடிக்கப் பிடித்து வைத்த கேனிலிருந்து மனசு வராமல் நாலு டம்ளர் ஊற்றினேன்.

அந்தச் சலசலப்பில்தான் ஐயா தலை நிமிர்ந்தார்.

"என்ன பண்ற இந்நேரத்துல?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வடை. 32 பேருக்கு."

"ஓ. முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஹெல்ப் பண்ணியிருப்பேனே."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து விடிய விடியப் பேச முடியும் என்னால். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கொடுத்தால் அது ஹெல்ப். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் உள்ளவர் பருப்பு ஊற வைப்பதற்குப் பெயர் ஹெல்ப் இல்லை. யார் முன்னாடி சொல்வது? எனக்கு எந்தத் தேவதூதன் வந்து சொன்னான்? உங்கள் போனுக்கும் அதே 9:17-க்குத்தானே வந்தது?

2018-இல் மகள் பிறந்தபோது இவருக்குச் சட்டப்படி கிடைத்தது மூன்று நாள் விடுப்பு, எனக்கு நாலு மாதம். 2020-இல் அப்பாக்களுக்குப் பத்து நாள் ஆனது. 2025 அக்டோபர் 3-ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த நாலு மாதத்தையும் பத்து நாளையும் பெற்றோர் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. செய்தியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல தீர்ப்பு" என்று இதே சோபாவில் உட்கார்ந்து தலையாட்டியவரும் இவர்தான். நீதிபதிகளிடம் வடையைப் பற்றியும் ஒரு வரி கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பதினொன்றே முக்காலுக்கு மிக்ஸியைப் போட்டேன். மாமியார் அறையிலிருந்து குரல்: "சோம்பு போட்டியாம்மா?"

போட்டேன் மாமி.

"எங்க ஆயா டோங்காட் ஊர்ல முதுகுல பிள்ளையைக் கட்டிக்கிட்டுக் கரும்பு வெட்டுவாங்க. வந்து சமைக்கவும் செய்வாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

அந்த ஆயாவின் முகத்தை யார் பார்த்தார்கள்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே கூலி வேலைக்கு வந்து இறங்கிய முதல் இந்தியக் கூட்டத்தின் ஒப்பந்தக் கணக்கே, ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. பாதிச் சம்பளம், முழுச் சமையல். பாவாடை எதற்கு, இதையே ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளை கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கலாம். அசல் பாரம்பரியம்.

பாவாடை என்றதும் ஞாபகம் வருகிறது. போன தீபாவளிப் பாவாடை காலையில் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது. நான் தரையில் உட்கார்ந்து, வாயில் இரண்டு ஊக்கோடு மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து போன். சரக்கு கிளியரிங் வேலை எனக்கு. ஒரு கன்டெய்னரைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் துறைமுகத்தில் வாடகை ஏறும், உடனே பேச வேண்டும். ஊக்கைத் துப்பிவிட்டுப் பேசினேன். ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. யார் காலில் ஏறப்போகிறதோ!

எண்ணெய் வாசனை வீசும் தலைமுடியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரே கைதட்டல். வேறொரு பிள்ளையின் அப்பா, அப்பாவே, நேரில், தன் சொந்தக் கால்களால் நடந்து வந்திருக்கிறார்! கையில் ஐந்து பீட்சா டப்பா. "பாருங்கள், எப்படிப்பட்ட அப்பா!" என்று ஆசிரியைக்குக் கண் கலங்காத குறை. பீட்சா யாருடைய பாரம்பரியம் என்று நான் கேட்கவில்லை. வடை வைத்திருந்த என் ஐஸ்கிரீம் டப்பாவை வாங்கி, "மேசை மேல வச்சிடுங்க மம்மி" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 32 வடை போனது. 27 திரும்பி வந்தது.

போன மாதம், எங்கள் நாட்டு மகளிர் தினத்துக்காக, அலுவலகத்தில் என்னை மேடையேற்றி, "வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டு ரோஸ் நிறக் கப் கேக் ஒன்று கொடுத்தார்கள். 1956 ஆகஸ்ட் 9-இல் 20,000 பெண்கள், நிறவெறி அரசின் பாஸ் சட்டத்தை எதிர்த்து, பிரிட்டோரியாவில் அரசுக் கட்டட வாசல்வரை நடந்தது இந்தக் கப் கேக்குக்காகத்தானா? பதினான்கு வருஷமாக வேலை பார்க்கும் என் கணவரிடம் இதுவரை ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வாரோ, எனக்கே ஆவலாக இருக்கிறது.

பள்ளி விழாவுக்கு மறுநாள் புரட்டாசி முதல் சனி. வாழை இலை, பதினான்கு பேர். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மிஞ்சிய வடையைச் சூடுபண்ணி வைத்தேன். "சோம்பு கொஞ்சம் கம்மி" என்றார் மாமி. சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஆனால் எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன். அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மூடி வரவில்லை. இரண்டு லிட்டர் டப்பா, மசாலா போட்டு வைக்க அதுதான் அளவு. யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது அது? "வெள்ளை மூடி, ஓரத்தில் சின்ன விரிசல், யாரிடமாவது இருக்கிறதா?" என்று குழுவில் கேட்டேன். 31 வீட்டிலிருந்தும் சத்தமில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர்தான் அந்தக் குழுவில் பதில் போட்டார்.

கட்டைவிரல்.