6 பில்லியன் யூரோ முழுவதும் நன்கொடை அல்ல

மேற்கு பால்கன் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 6 பில்லியன் யூரோவை நன்கொடையாக அள்ளிக் கொடுத்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2024 முதல் 2027 வரைக்கான சீர்திருத்த, வளர்ச்சி நிதியில் மானியம் 2 பில்லியன் யூரோ மட்டுமே. எஞ்சிய 4 பில்லியன், சலுகை வட்டியில் தரப்படும் கடன். அல்பேனியா, செர்பியா, வட மாசிடோனியா, மாண்டினீக்ரோ, பொஸ்னியா-ஹெர்சகோவினா, கொசோவோ ஆகிய ஆறின் மக்களும் வரியிலிருந்து அடைக்கப்போகும் கடனை இனாம் என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

"கொடுத்துவிட்டது" என்பதும் பொருந்தாது. ஒவ்வொரு நாடும் நீதித்துறை, எரிசக்தி, பொது நிதி நிர்வாகம் முதலியவற்றில் தான் ஒப்புக்கொண்ட சீர்திருத்தங்களை நிறைவேற்றியதைக் காட்டிய பிறகே, சிறிய முன்பணம் நீங்கலாக, தவணைகள் விடுவிக்கப்படுகின்றன.

எல்லை தாண்டிய ஒத்துழைப்புத் திட்டங்களையும் அவர் இதே கணக்கில் சேர்த்துவிட்டார். அவை பெரும்பாலும் 2021–2027 காலத்துக்கு ஏறத்தாழ 14.2 பில்லியன் யூரோ ஒதுக்கப்பட்ட, சேர்க்கைக்கு முந்தைய உதவி நிதியை, அதாவது ஒன்றியத்தில் சேர முயலும் நாடுகளுக்கான நிதியைச் சார்ந்தவை. அவற்றின் நடைமுறையே வேறு. எடுத்துக்காட்டாக, ஹங்கேரி-செர்பியா திட்டத்தில் செர்பியாவின் சுபோடிட்சா நகராட்சி தனியாக விண்ணப்பிக்க முடியாது; எல்லைக்கு அந்தப் பக்கம், ஹங்கேரியின் செகெட் போன்ற ஓர் ஊரிலிருந்து ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டு, பணியை இருவருமாக வகுத்து, இருவருமாகவே நிறைவேற்ற வேண்டும். செலவில் ஒரு பகுதியைப் பங்காளிகள் தம் கையிலிருந்தோ தேசிய நிதியிலிருந்தோ போட வேண்டும்.