குடல் கசிவது உண்மை, கசிய வைப்பது வைரஸ்

“எச்.ஐ.வி. உள்ளவர்களின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுப்பது குடல் கிருமிதான். பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்தால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும்) மாத்திரை வேண்டாம்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, மீதி உயிருக்கு ஆபத்து.

தொற்றிய சில வாரங்களிலேயே வைரஸ் குடலில் உள்ள சிடி4 செல்களை (எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் வெள்ளணுக்களை) அழிக்கிறது, குடல் சுவர் பழுதாகிறது. அதன் வழியே பாக்டீரியாவின் மேலுறைத் துண்டுகள், முக்கியமாக எல்.பி.எஸ். என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள், ரத்தத்தில் கசிகின்றன. உயிருள்ள பாக்டீரியா வர வேண்டும் என்பதில்லை, இந்தத் துண்டுகளே நோயெதிர்ப்புச் செல்களை ஓயாமல் தூண்டிக் களைக்க வைக்கும். 2006-இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். மாத்திரையால் இது குறையும், பலருக்கு முழுசாக நிற்பதில்லை. அதற்காக மாத்திரையை விட்டால் வைரஸ் மறுபடி பெருகும், குடல் இன்னும் கெடும். பேதி மருந்து சுவரை அடைக்காது.

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்குகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.